பெண்ணழைப்பு லாரி

செங்கோட்டுவேல் தன்னுடைய மூக்கு நீண்ட பழைய லாரிக்குப் புதுச் சைலன்சர் மாட்டியதே மறுநாள் நடக்கவிருந்த மகளின் பெண்ணழைப்புக்காகத்தான். கார் வேண்டாம், நம் லாரியிலேயே மண்டபத்துக்குப் போகலாம் என்று கேட்டவள் இளவேனில்தான். ஆனால் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் வண்டி குளிர்காய்ச்சல் கண்டதுபோல வெடவெடவென்று நடுங்கியது. நட்டுகளை இறுக்க இறுக்க நடுக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை.

“இதுல போனா மண்டபம் சேர்றதுக்குள்ள புள்ளைக்குப் பல்லு பூரா கொட்டிப்போயிருமுங்க. பேசாம காருக்குச் சொல்லுங்க” என்றாள் மனைவி பாவாத்தாள்.

அவர் முகம் வாடி எஞ்சினை நிறுத்தினார். அதைப் பார்த்த இளவேனில், ஈர மருதாணிக் கைகளைத் தூக்கிப் பிடித்தபடி மல்லாந்து, முதுகாலேயே நகர்ந்து லாரிக்கு அடியில் போய்விட்டாள்.

“அய்யோ, கண்ணாலப் பொண்ணு!” என்று அலறினாள் பாவாத்தாள்.

“அப்பா, சைலன்சர் குழாய் சேஸிஸ்ல உரசுதுங்க. இங்க பெயிண்டே தேஞ்சிருக்குது. முறுக்கிக்கிட்டு நிக்குது. எல்லா நட்டையும் தளத்தி உடுங்க. அது தானா உக்காரட்டும், அப்பறம் இறுக்கலாம்.”

அவர் ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். குழாய் லேசாகத் திரும்பி, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸை விட்டு விரலளவு விலகித் தொங்கியது. அப்படியே வைத்து இறுக்கிவிட்டு வண்டியைக் கிளப்பினார். ஸ்டீயரிங் கைக்குள் சாதுவாக இருந்தது. அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“முக்கு வரைக்கும் ஓட்டிப் பாக்கறேன்” என்றார்.

பாவாத்தாள் மகளை முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, கேட்காமலே தானும் ஏறிக்கொண்டாள். முக்கு வந்தது, வண்டி அதையும் தாண்டியது. பின்னால் வீட்டு வாசலில் கல்யாணச் சமையல்காரர் எதையோ கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார். வண்டியைத் திருப்பச் சொல்லி மூவரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.