ஆர்லோவின் பூட்ஸ்

தலைக்கு மேலே தடதடவென்று பூட்ஸ் சத்தம் கேட்டதும் ராய்ஸ் பாதிக் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டான்.

"பயப்படாத, ஆர்லோதான்," என்றாள் ஹெஸ்டர், பான்கேக்கைத் திருப்பிப் போட்டபடி. "ஊர்க்கூட்டத்துக்கு நேரமாச்சாம், காலையிலேருந்து இதே நடைதான். இந்த மனுஷனால நான் கண்ணசந்து எத்தனை நாளாச்சு தெரியுமா?"

சட்டை சுட்டதுகூட ராய்ஸுக்கு உறைக்கவில்லை. ஜனவரியில் அவள் கணவன் ஆர்லோவின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் அவனும் ஒருவன்.

குளிர்காலத்தில் மலையூரான ஹார்லோ பீக்கின் மண் இறுகிவிட்டால், கடப்பாரை பட்டால் கடப்பாரைதான் வளையும். அதனால் ஆர்லோவைப் பெட்டியோடு இடுகாட்டு ஓரத்துக் கருங்கல் கிடங்கில் வைத்துப் பூட்டியிருந்தார்கள், மே மாதம் பனி உருகியதும் புதைக்கலாம் என்று. அவன் அங்கே இருந்தால்தானே!

எல்லாம் வரியால் வந்த வினை. பனிச்சறுக்கு விடுதிகள் வந்ததிலிருந்து அந்த ஊரில் கோழிக்கூண்டுக்குக்கூட அரண்மனை விலை. வெர்மான்ட் அரசு போடும் சொத்து வரியோ கோழிக்கும் சேர்த்து. இந்த மாநிலமே வேண்டாம், வரி குறைந்த பக்கத்து மாநிலம் நியூ ஹாம்ப்ஷயரோடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்று முதலில் கிளப்பிவிட்டவன் ஆர்லோதான்.

போன வருஷம் தீர்மானம் தோற்றபோது நாற்காலிமேல் ஏறி நின்று சத்தியமே செய்தான். "பிரியறோம்னு இந்த ஊர் சொல்ற அன்னிக்குத்தான் மண்ணுக்குள்ள நிம்மதியாப் படுப்பேன். அதுவரைக்கும் செத்தாலும் என் வீட்டை விட்டு நகரமாட்டேன்."

சொன்ன சொல் தவறாதவன். புது வரி நோட்டீஸைப் பிரித்தான், நெஞ்சைப் பிடித்தான், போய்விட்டான். இறுதிப் பிரார்த்தனைக்கு வந்தவர்கள் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்புவதற்குள் மாடியில் நடக்க ஆரம்பித்துவிட்டான். அவனுடைய பைப் புகை நெடியில் நாலு தெரு தள்ளி நாய்கள் தும்மின.

ஹெஸ்டர் புலம்பாத வாசல் கிடையாது. ஒருநாள் கடைக்காரியைப் பிடித்து நிறுத்தி ஒரு மணி நேரம் அழுது தீர்த்தாள். பிறகு ஆர்லோ வழக்கமாக வாங்கும் புகையிலையில் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு கிளம்பினாள். பாவம், பழக்க தோஷம் என்று கடைக்காரி ராய்ஸிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கேட்டவர்கள் மனசெல்லாம் இளகியது. வெர்மான்டை விடமாட்டேன் என்று மல்லுக்கு நின்றவர்களில்கூடப் பலர், கிழவி நிம்மதியாகத் தூங்கட்டுமே என்று இந்தப் பக்கம் சாய்ந்தார்கள். ஆனால் இந்த முறையும் தோற்றால் ஜென்மத்துக்கும் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்று, ஆர்லோவுக்குப் பிறகு தீர்மானத்தைக் கையிலெடுத்திருந்த ராய்ஸிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான்.

பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் கூட்டம் பிதுங்கியது. வருஷக்கணக்காக ஹெஸ்டர்தான் தலைவி, மேஜைச் சுத்தியல் அவள் கையில். இரண்டு பக்கமும் சமமாக நின்றால் ஒழிய தலைவிக்கு ஓட்டுக் கிடையாது.

'ஆம்' என்று கத்தியவர்கள் சத்தத்தில் கூரையின் ஒரு பக்கத்துப் பனி சரிந்தது. 'இல்லை' என்றவர்கள் சத்தத்தில் மறுபக்கத்துப் பனி. சரி, எழுந்து நில்லுங்கள் என்று தலையை எண்ணினார்கள். சமம். மறுபடி எண்ணினார்கள், மறுபடியும் சமம்.

மொத்தக் கூடமும் ஹெஸ்டரைத் திரும்பிப் பார்த்தது. கடைசி வரிசையில் யாரும் உட்காராத நாற்காலி ஒன்று கிரீச்சென்று முன்னால் நகர்ந்தது. ஜெயித்துவிட்டோம் என்று ராய்ஸ் குல்லாயைக் கழற்றி வீசத் தயாரானான்.

"இல்லை," என்றாள் ஹெஸ்டர். சுத்தியல் டமாரென்று இறங்கியது.

கூட்டம் கலைந்ததும் ராய்ஸ் பனியில் சறுக்கி விழுந்து எழுந்து அவள் வீட்டுக்கு ஓடினான். உங்களுக்காகத்தானே பாதி ஊரைக் கெஞ்சினேன், நீங்களே குழிதோண்டிவிட்டீர்களே என்று நாலு வார்த்தை கேட்டுவிடும் ஆத்திரம். சமையலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. கைப்பிடியைத் தொட்டவன் அப்படியே நின்றுவிட்டான்.

அடுப்படியில் இரண்டு கோப்பைகள் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. புகையிலை டப்பா மூடி திறந்திருந்தது. மாடிப் படிகளில் பூட்ஸ் சத்தம், காலையில் கேட்ட தடதடப்பு இல்லாமல், தோற்றுப்போன மனுஷன் இறங்குவது போல ஒவ்வொரு படியாக இறங்கி வந்து நாற்காலி அருகே நின்றது.

ஹெஸ்டர் அந்த நாற்காலியை அடுப்புப் பக்கமாக இழுத்துப் போட்டாள்.

"பூட்ஸைக் கழட்டிட்டு உட்காரு கிழவா. இனிமே நீ எங்கயும் போகவேண்டியதில்ல."