கண்டோன்

"இன்னிக்கும் நாற்பது நிமிஷம் லேட்டு!"

ஹெட்கிளார்க் கடிகாரத்தையும் டைப்பிஸ்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பஸ்ல தூங்கிட்டேன் சார். கண்ணைத் திறந்தா நம்ம ஸ்டாப் தாண்டிப் போயிடுச்சு."

கைக்குழந்தைக்காரி. பேசும்போதே கண் சொருகியது.

"இதென்ன ஆபீஸா, தொட்டிலா?"

அவள் அவசரமாக டைப்ரைட்டர் உறையைக் கழற்றினாள். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு வாரம்தான். அதற்குள் ஒரு புகார் போனால் சீட்டு கிழிந்துவிடும். அது ஹெட்கிளார்க்குக்கும் தெரியும். அந்த நாற்காலியில் தன் மச்சினியை உட்கார வைத்து, மத்தியானக் கோழித் தூக்கத்தில்கூட அழகு பார்த்துக்கொண்டிருந்தார் மனுஷர்!

புகார் எடுபட வேண்டுமானால் கனமான இங்கிலீஷ் வேண்டும். ஜன்னலில் தூறல். தலைக்கு மேலே ஃபேன் சோம்பலாகச் சுற்றியது. கண்ணை மூடினார். எந்தக் காலத்து ஃபைலிலோ பார்த்த ஒரு வார்த்தை மெல்ல மிதந்து வந்தது.

கண்டோன்!

ஆஹா! கண்டனத்துக்கு அண்ணன் மாதிரியல்லவா இருக்கிறது! டிக்‌ஷனரியை எவன் புரட்டுவான்?

'இந்த அம்மாளின் தாமதத்தைத் தாங்கள் சற்றும் இரக்கமின்றி கண்டோன் செய்ய வேண்டுகிறேன்' என்று இங்கிலீஷில் வெளுத்துக்கட்டி, மேனேஜரிடம் நீட்டிவிட்டு வந்தார். அந்த வாரம் முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

எட்டாம் நாள் டைப்பிஸ்ட் ஓடிவந்தாள். கையில் வேலை நிரந்தர ஆர்டர், கண்ணில் தண்ணீர்.

"எனக்காக நீங்கதான் எழுதிக் கொடுத்தீங்களாமே சார்! மேனேஜர் சொன்னாரு. உங்களைப் போய்த் தப்பா நினைச்சுட்டேனே, பாவி நான்!"

கனவா, நனவா? ஹெட்கிளார்க் தன்னையே கிள்ளிப் பார்த்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு ஓடினார்.

"சார்... கண்டோன்னா கண்டிக்கறதுதானே?"

"அட, இல்லைங்க. தப்பைக் கண்டும் காணாம விட்டுடறது."

ஹெட்கிளார்க் அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கிட்டே வந்தார்.

"அப்போ நான் என்ன நினைச்சு எழுதினேன்னு உங்களுக்கு..."

"'இரக்கமின்றி'ன்னு போட்டிருந்தீங்களே, அங்கேயே புரிஞ்சுபோச்சு." மேனேஜர் சிரித்தபடி அடுத்த ஃபைலைத் திறந்தார். "அந்தம்மா லேட்டா வந்ததை மட்டுமில்ல, உங்க புகாரையும் சேர்த்துத்தான் கண்டோன் பண்ணியிருக்கேன்."