இரும்பு நுழையாத வேலி

தாவீதுராஜுக்கு வரவேண்டிய கூலி பாக்கி பதினெட்டாயிரத்து அறுநூறு ரூபாய். திருச்சுழிக்கு மேற்கே கரிசல் பொட்டலில் இருக்கும் ஆராய்ச்சி நிலையத்துக்குள் அவர் குனிந்து கையாலேயே புல் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். சூரியனில் எழும் புயல் பூமியின் காந்தத்தை அசைப்பதை அளக்கும் கருவி அங்கே மண்ணுக்குள் புதைந்திருக்கிறது. பக்கத்தில் இரும்பு வந்தால் அளவு கெட்டுவிடும். அதனால் அரிவாள், சாவி, சைக்கிள் எல்லாம் வேலிக்கு வெளியே வேலமரத்தடியில் கிடக்கின்றன. அரசாங்கப் பணம் வேறு திட்டங்களுக்குப் போய்விட்டதால் ஒரு வருஷமாகக் கூலி இல்லை, நிலையத்தையே மூடப்போவதாகவும் பேச்சு. புல் மண்டினால் எலி வந்து வயரைக் கடிக்குமே என்று இவர் வந்துகொண்டுதான் இருக்கிறார். மத்தியான வெயிலில் முதுகில் உப்புப் பூக்கிறது. மரத்தடியில் அவர் மனைவி ஜெப ஷீலா கையிலிருக்கும் செல்போன் அடிக்கிறது. போனை வைக்காமலே வேலியோரம் ஓடி வருகிறாள். "ஏங்க, மதுரை ஆபீசுலருந்து மாதவன் சாரு. புதுத் திட்டத்துல நம்ம நிலையத்தத்தான் மொதல்ல வச்சிருக்காகளாம். பாக்கிக் கூலிய பேங்குல ஏத்திவிட்டாச்சாம். வந்து பேசுங்க." "இன்னுங் கொஞ்சந்தான் கெடக்கு, முடிச்சிட்டு வாரேன்னு சொல்லு." "பெரிய கலெக்டரு இவுக. போன உள்ள கொண்டாரவா?" "அங்கனயே நில்லு. இன்னைக்குச் சூரியன்ல புயலு." அவள் சிரித்துக்கொண்டே தன் கொண்டை ஊசியைத் தொட்டுப் பார்த்து, இரண்டடி பின்னால் போகிறாள். அவர் இடுப்பை நிமிர்த்தி, மண் கையை நெற்றியில் வைத்து, உச்சி வெயிலை ஏறிட்டுப் பார்க்கிறார். வேலிக்கு அப்பாலிருந்து போனில் வந்த பேங்க் செய்தியை அவள் எழுத்துக் கூட்டி வாசிக்கும் குரல் வருகிறது: "பதினெட்டாயிரத்து... அறுநூறு. முழுசா வந்துருச்சுங்க."