படுக்கையறைப் போக்குவரத்து

பார்க்கின்சன் வந்தபின் சகாயமேரியின் வலது கை ஒரு டம்ளரைக்கூட நிலையாகப் பிடிக்காது. தூக்கத்தில் மட்டும் அவர் பழைய டிராஃபிக் போலீஸ் ஆகிவிடுவார். விடிகாலையில் காப்பியோடு வந்த கணவர் ஞானதுரை அறை வாசலிலேயே நின்றுவிட்டார். சலவைத் துணியோடு பின்னால் வந்த மருமகள் அவர் முதுகில் மோதப் பார்த்தாள்.

"ஏன் மாமா நிக்கிறீங்க?"

"ஒங்க அத்த கை காட்டியிருக்காள்ல."

"தட்டி எழுப்புங்க. காப்பி ஆறிரும்."

"ஆறட்டும். அந்தக் கையப் பாரு."

கண்கள் மூடியிருக்க, உயர்ந்த வலது உள்ளங்கை இம்மியும் ஆடாமல் அவர்களை நிறுத்தியிருந்தது. சற்றுக் கழித்து அது மடங்கி, போகலாம் என்று வீசியது. மருமகள் விடுவிடுவென்று உள்ளே போனாள்.

"விட்டாச்சு மாமா, வாங்க."

ஞானதுரை நகரவில்லை.

"நீ போம்மா. நான் அடுத்த சிக்னல்ல வாரேன்."