ஒலிப்பதிவு அறையில் ஒரு வாடை

“போஸ்ட்மாஸ்டர் சார், மறுபடியும் வாயால மூச்சு விடறீங்க. மைக்ல புஸ்ஸு புஸ்ஸுன்னு கேக்குது. மூக்கால விடுங்களேன்.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர் ஹெட்போன் வழியாகச் சொன்னார். போஸ்ட்மாஸ்டர் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். “முடிஞ்சா விட மாட்டேனா தம்பி.”

பாவம், வயதாகிவிட்டது என்று பக்கத்து நாற்காலியில் இருந்த டீச்சர் நினைத்துக்கொண்டார். அவர் தன்னைவிட இரண்டே வயதுதான் மூத்தவர் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

பார்வையற்றவர்கள் கேட்பதற்காக நாவல்களை வாசித்துப் பதிவு செய்யும் இடம் அது. ஆண்கள் பேசுவதைப் போஸ்ட்மாஸ்டர் வாசிப்பார், பெண்கள் பேசுவதை டீச்சர். ஆறு வருஷமாக இதே ஜோடி. பீரோவைவிடக் கொஞ்சம் பெரிய அறை. சத்தம் பதிந்துவிடும் என்று மின்விசிறிகூடக் கிடையாது. மனைவி போன பிறகு போஸ்ட்மாஸ்டர் சட்டைக்கு இஸ்திரி போடுவதே இந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான்.

அன்று அவர் கிளம்பிப் போகும்வரை காத்திருந்து ஒலிப்பதிவாளர் டீச்சரிடம் வந்தார். வயரை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார்.

“தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். ரொம்ப நாளா உள்ள ஒரு வாடை வருது. குளிக்காத வாடைன்னு சொல்ல மாட்டேன். வயசானா வருமாமே, அந்த மாதிரி. இதை எப்படிச் சொல்றதுன்னே...”

எதிரில் நிற்பவர் பாதி சொல்லும்போதே மீதியை முடித்துவைப்பது டீச்சருக்கு முப்பத்தைந்து வருஷ வகுப்பறைப் பழக்கம். “புரிஞ்சுது தம்பி. நீங்க சங்கடப்படாதீங்க. நான் பக்குவமா சொல்லிக்கறேன்.”

ஒலிப்பதிவாளர் வாயெடுப்பதற்குள் டீச்சர் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

வீறாப்பாகச் சொல்லிவிட்டாரே தவிர, வீட்டுக்குப் போனதும் அவருக்கு உடம்பே கூசியது. ஒரு மனுஷனிடம் போய் உங்கள் மேல் நாற்றம் அடிக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? கண்ணாடி முன் நின்று நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தார். நாலும் கேவலமாக இருந்தன.

மறுநாள் ஒலிப்பதிவு அறையின் கதவைச் சாத்தியதும், வெகுநாள் திறக்காத துணிப்பெட்டி மாதிரி ஏதோ தன் மூக்கிலும் லேசாகப் பட்டதாக டீச்சருக்குத் தோன்றியது. அதுவே தைரியம் கொடுத்தது.

“அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே. வயசாக ஆக உடம்பு வாடை மாறுமாம். நமக்கே தெரியாதாம், பக்கத்துல இருக்கறவங்களுக்குத்தான் தெரியுமாம். தம்பி ரொம்பச் சங்கடப்படறார். கொஞ்சம் சோப்பு கீப்பு மாத்திப் பாருங்களேன்.”

போஸ்ட்மாஸ்டர் அவரையே பார்த்தார். ஏதோ கேட்கப்போகிறவர் போல உதடு பிரிந்தது. டீச்சர் முகம் சிவந்து, கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என் மேலதாம்மா,” என்றார் போஸ்ட்மாஸ்டர். “எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. நீங்க சொன்னது நல்லதாப் போச்சு.”

அன்று அவர் வாசிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கூட்டில் போட்டு எழுந்தார். “இன்னும் நாப்பது பக்கம் இருக்கு. நல்ல குரலாப் பாத்துப் போட்டுக்கோங்க.”

அதற்குப் பிறகு அவர் வரவேயில்லை. டீச்சர் இரண்டு தடவை போன் செய்தார்; உடம்பு சரியில்லை என்ற ஒரே பதில்தான். ஒரு சோப்பு விஷயத்துக்காக ஒரு மனுஷனையே விரட்டிவிட்டோமே என்று டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. அவர் மனைவி இருந்திருந்தால் இதை எவ்வளவு நாசூக்காகச் சொல்லியிருப்பாள் என்று நினைத்து நினைத்துக் குன்றிப்போனார்.

பத்து நாள் கழித்துப் புது ஆள் கிடைத்தார். வங்கியில் வேலை பார்ப்பவர், இருபத்தாறு வயது. முதல் நாள் தனியாக வாசித்துக் காட்டியபோது குரல் கணீரென்று இருந்தது. ஒலிப்பதிவாளருக்கு வாயெல்லாம் பல்.

அடுத்த நாள் டீச்சரோடு சேர்ந்து வாசிக்க உட்கார்ந்தார். கதவு சாத்தப்பட்டது. அரைப் பக்கம் போவதற்குள் ஹெட்போனில் குரல் வந்தது.

“என்ன தம்பி, நேத்து நல்லாத்தானே வாசிச்சீங்க? இன்னிக்கு ஏன் வாயால மூச்சு விடறீங்க?” கேட்ட பிறகுதான் ஒலிப்பதிவாளர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

புது ஆள் நாற்காலியைத் தள்ளிப்போடப் பார்த்தார். சுவர் இடித்தது. டீச்சரை ஒருமுறை பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு மைக்கில் மெதுவாகச் சொன்னார்.

“மூக்கால விட முடியல சார்.”