ரெண்டடி தள்ளுங்க

ஒற்றைப் பனைமரத்துக்கு நேரே, ஏரி நடுவில், இரண்டு படகுகளும் நங்கூரம் போட்டு நின்றன. ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வந்த இரண்டு குடும்பமும் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டன. ஷ்யாம்சுந்தருக்கு மட்டும் ஒரு வாய்கூட இறங்கவில்லை.

"கதிரேசன் சார், உங்க படகு என் பக்கம் வந்துடுச்சு. ரெண்டடி தள்ளுங்க!"

"காத்துல நகருது சார். நான் என்ன பண்ணட்டும்?"

"இப்படித்தான் ஆரம்பிப்பீங்க. இன்னிக்கு ரெண்டடி, நாளைக்கு நாலடி!"

"ஞாயித்துக்கிழமையும் சண்டையா? சாப்பிடுங்க" என்றாள் ஷ்யாம்சுந்தரின் மனைவி ரமா.

"நீ வாயை மூடு!"

படகோட்டி ஜெபினுக்குப் பேஜாராகிவிட்டது. "கெளம்பலாம் சார்" என்று நங்கூரக் கயிற்றை இழுத்தான். அசையவில்லை. "அடியில இன்னாவோ மாட்டிக்கினு கீது. பாறையா இருக்கும்" என்று மறுபடியும் பலமாக இழுத்தான்.

"யோவ், உடைச்சிடாதே!" ஷ்யாம்சுந்தர் துள்ளி எழுந்ததில் படகே ஆடியது. "போன கோடையில இந்த ஏரி காஞ்சு கெடந்தப்போ, அருமையான வீட்டு மனைன்னு எங்க ரெண்டு பேர் தலையிலயும் கட்டிட்டுப் போனான் ஒரு படுபாவி. பாறையாம் பாறை! தண்ணி வரணுமேன்னு தேங்கா உடைச்சு நான் போட்ட போர் பைப்புய்யா அது!"