பனி விலகும் நேரம்

பண்டாரவளையில், வீட்டுக்குப் பின்னாலுள்ள மேட்டில் ஷஹீலா உட்கார்ந்திருந்தாள்.

"உம்மாவுக்குக் கஞ்சி வைக்கணும். உடுப்பெல்லாம் வெளியில கிடக்கு..."

"அஞ்சு நிமிஷம் எல்லாத்தையும் விட்டுட்டு முன்னால பாரு," என்றான் கணவன் முஸ்தாக்.

"ஒரே பனிதான் தெரியுது."

"இப்ப விலகும். முதல்ல தேயிலை மலை, அப்புறம் ரயில் பாதை."

அப்படியே விலகியது. ஈரப் பச்சை மெல்ல எழுந்து வந்தது. கஞ்சியும் உடுப்பும் அவள் மனதிலிருந்து நழுவிப் போயின.

"தெரியுதுங்க! என்ன அழகு!"

"இனிப் பேசாத. அந்தக் காத்து எனக்கும் கேட்கட்டும்."

ஷஹீலா போனைக் காதிலிருந்து எடுத்து மலையை நோக்கி உயர்த்திப் பிடித்தாள். கட்டாரில், வெயிலில் கொதிக்கும் கட்டடத்தின் மூலையொன்றில், மூன்று வருஷமாக ஊர் காணாத முஸ்தாக் கண்களை மூடிக்கொண்டான்.